எந்த விமானத்தில் பறக்கிறோமோ, அதன் திட்டத்தில்தான் சேர வேண்டுமா?

"அடிக்கடி எந்த விமானத்தில் போகிறீர்களோ, அந்தக் கம்பெனியின் மைல் திட்டத்திலேயே சேருங்கள். வேறு கம்பெனி பக்கம் போகாதீர்கள். மைல் தானாகச் சேரும், ஒருநாள் ஓசியில் டிக்கெட் கிடைக்கும்." வெளிநாட்டுப் பயணம் பற்றிப் பேச்செடுத்தாலே யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். டிராவல் ஏஜென்ட் சொல்வார், கிரெடிட் கார்டு விற்க வருபவர் சொல்வார், பத்து வருஷமாகச் சிங்கப்பூர் போய்வரும் சித்தப்பாவும் சொல்வார். நானும் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். அக்காவின் கவரைப் பிரித்துப் பார்த்த பிறகு நிறுத்திவிட்டேன்.

அக்காவுக்குத் தஞ்சாவூர். மகன் வளைகுடாவில் வேலை பார்க்கிறான். பேரன் பிறந்ததிலிருந்து வருஷத்துக்கு ஒருமுறையாவது அக்காவும் மாமாவும் அங்கே போய்வருகிறார்கள், எப்போதும் ஒரே விமான நிறுவனத்தில். போர்டிங் பாஸ் ஒன்றைக்கூடத் தூக்கிப் போடாமல் ஜவுளிக்கடைக் கவர் ஒன்றில் போட்டு பீரோவில் வைத்திருந்தார் அக்கா. பொங்கலுக்குப் போயிருந்தபோது அதை என் முன்னால் கொட்டி, "ஏன்டா, இத்தனை தடவை போயிருக்கோமே, ஒரு டிக்கெட்டாவது தேறாதா?" என்றார். இருவர் கணக்கையும் திறந்து பார்த்தோம். பழைய மைல்கள் காலாவதியாகியிருந்தன. மிச்சமிருந்தது பாதி அக்கா பேரில், பாதி மாமா பேரில். இரண்டில் எதுவும் தனியாக ஒரு டிக்கெட்டுக்குக் காணவில்லை.

ஊரார் சொன்ன அறிவுரையை அக்கா ஒரு வரி விடாமல் பின்பற்றியிருக்கிறார். அப்படியானால் கோளாறு அந்த அறிவுரையில்தான் இருக்கிறது.

முதலில், பறக்கும் நிறுவனத்தின் திட்டத்தில்தான் சேர வேண்டும் என்பதே சரியல்ல. 1997ல் ஸ்டார் அலையன்ஸ், 1999ல் ஒன்வேர்ல்டு, 2000ல் ஸ்கைடீம் என்று விமான நிறுவனங்கள் கூட்டணி கட்டிக்கொண்ட பிறகு, டிக்கெட் ஒரு நிறுவனத்துடையதாகவும் மைல் எண் இன்னொரு நிறுவனத்துடையதாகவும் இருக்கலாம். ஏர் இந்தியா 2014ல் ஸ்டார் அலையன்ஸில் சேர்ந்தது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், லுஃப்தான்சா, தாய் ஏர்வேஸ் எல்லாம் அதே கூட்டணி. அதனால் ஏர் இந்தியாவில் டெல்லி வழியாக அமெரிக்கா போகிறவர் டிக்கெட் எடுக்கும்போது சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர் எண்ணைக் கொடுத்து மைலை அங்கே சேர்க்கலாம். அதே 2014ல் ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் ஒன்வேர்ல்டில் சேர்ந்தது. சென்னையிலிருந்து கொழும்பு வழியாக லண்டன் போகும் ஒருவர், அந்தப் பயணத்தைக் கத்தார் ஏர்வேஸ் கணக்கிலோ பிரிட்டிஷ் ஏர்வேஸ் கணக்கிலோ ஏற்றலாம். இந்த இரண்டு நிறுவனங்களும் ஏவியோஸ் என்ற ஒரே வகைப் பாயின்ட்டைத்தான் தருகின்றன, ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றிக்கொள்ளவும் முடியும். எமிரேட்ஸ் போலக் கூட்டணி எதிலும் சேராத நிறுவனங்களில் மட்டும் இந்த வாய்ப்பு குறைவு. தனித்தனியாக ஒப்பந்தம் போட்டிருக்கும் சில கூட்டாளிகளோடு அது முடிந்துவிடும்.

அடுத்தது, "தூரம் போனால் மைல் சேரும்" என்ற நம்பிக்கை. 1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் ஏஅட்வான்டேஜ் திட்டத்தைத் தொடங்கியபோது அது உண்மை. பறந்த மைலை எண்ணிக் கொடுத்தார்கள். இன்று அப்படியில்லை. 2015ல் டெல்டாவும் யுனைடெட்டும், 2016ல் அமெரிக்கனும் டிக்கெட்டுக்குக் கொடுத்த பணத்தைப் பார்த்து மைல் தரத் தொடங்கின. ஏர் இந்தியாவும் 2024ல் அந்த வழிக்கு வந்துவிட்டது. தூரத்தை இன்னும் எண்ணும் இடங்களிலும் டிக்கெட்டில் இருக்கும் ஓர் எழுத்துதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அக்காவின் டிக்கெட் பிரிண்ட்டில் விமான எண்ணுக்குப் பக்கத்தில் ஒற்றை ஆங்கில எழுத்து இருந்தது. அது இருக்கை எண் என்றே அக்கா நினைத்திருந்தார். அதுதான் கட்டண வகுப்பு. ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து போகும் இருவரில் ஒருவருக்கு முழு மைலும் மற்றவருக்குப் பாதியும் விழுவது இந்த எழுத்தால்தான். கூட்டாளி நிறுவனத்தின் கணக்கில் ஏற்றினால் மிக மலிவான சில வகுப்புகளுக்கு ஒன்றுமே கிடைக்காமலும் போகும்.

இதை நம் பக்கம் திருப்பிக்கொள்ளவும் வழி உண்டு. நெடுந்தூரத்துக்கு மலிவாக டிக்கெட் கிடைத்திருக்கிறதா? தூரத்தை எண்ணும் கூட்டாளித் திட்டத்தில் அந்த எழுத்துக்கு எத்தனை சதவீதம் தருகிறார்கள் என்று முதலில் பாருங்கள். பக்கத்து ஊருக்குக் கடைசி நேரத்தில் அதிக விலைக்கு வாங்கினீர்களா? பணத்தை எண்ணும் திட்டத்தில் ஏற்றுங்கள். ஒரு பயணத்தை ஒரு கணக்கில்தான் ஏற்ற முடியும், ஏற்றியபின் மாற்ற முடியாது. ஆகவே இந்தக் கணக்கை டிக்கெட் போடும் அன்றே பார்த்துவிட வேண்டும்.

"ஒரே இடத்தில் விசுவாசமாக இருந்தால் கோல்டு கார்டு வரும், லவுஞ்ச் வரும், கூடுதல் லக்கேஜ் வரும்" என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். கிரிஸ்ஃப்ளையரில் எலைட் கோல்டு பெற 12 மாதத்துக்குள் 50,000 எலைட் மைல் வேண்டும். சென்னையிலிருந்து சிங்கப்பூர் சுமார் 1,800 மைல், போய்வர 3,600. மலிவு டிக்கெட்டில் பாதி மைல் என்றால் ஒரு பயணத்துக்கு 1,800. வருஷத்துக்கு 28 தடவை சிங்கப்பூர் போய்வந்தால்தான் கோல்டு! முழு மைல் தரும் விலைகூடிய டிக்கெட் எடுத்தாலும் 14 தடவை. கம்பெனி செலவில் மாதம் இருமுறை பறக்கும் இன்ஜினீயருக்கு இது சாத்தியம். அவருக்கு அந்தப் பழைய அறிவுரை அப்படியே பொருந்தும், அதை நான் மறுக்கவில்லை. தீபாவளிக்கும் கோடை விடுமுறைக்கும் போய்வரும் குடும்பத்துக்குக் கோல்டு எட்டாது. அதற்காக ஒவ்வொரு தடவையும் மூவாயிரம், நாலாயிரம் ரூபாய் கூடக் கொடுத்து அதே நிறுவனத்தில் டிக்கெட் எடுப்பது சொந்தக் காசை இழப்பதுதான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் நம்மவர்கள் பெருமளவில் போவது ஸ்கூட், ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போன்ற மலிவுக் கட்டண விமானங்களில். அவற்றின் தாய் நிறுவனங்கள் ஸ்டார் அலையன்ஸில் இருக்கின்றன, அவை இல்லை. கூட்டணியின் கோல்டு கார்டு தரும் 20 கிலோ கூடுதல் லக்கேஜை அங்கே கேட்க முடியாது.

எனக்கு மிகவும் ஆதங்கமாக இருப்பது, மைலைச் சேமிப்புப் பணம்போல நினைக்கும் பழக்கம். நம் வீடுகளில் எதையும் சேர்த்து வைப்போம், அது நல்ல குணம். ஆனால் மைலுக்கு வட்டி கிடையாது, தேய்மானம் மட்டும் உண்டு. இன்று ஒரு டிக்கெட்டுக்குக் கேட்கும் மைலை நாளை நிறுவனம் தன் இஷ்டத்துக்குக் கூட்டலாம், நம் சம்மதம் தேவையில்லை. கிரிஸ்ஃப்ளையர் மைலுக்கு ஆயுள் மூன்று வருஷம். நிறுவனமே போய்விடுவதும் உண்டு. கிங்ஃபிஷர் 2012ல் நின்றபோது கிங் கிளப் மைல்கள் செல்லாக்காசாகின. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் பறப்பதை நிறுத்தியது. அதன் மைல் திட்டம் தனிக் கம்பெனியாக இருந்ததால் மைல்கள் தப்பின, அவற்றைக் கொடுத்து ஏறுவதற்கு ஜெட் விமானம்தான் இல்லை. 2024 நவம்பரில் விஸ்தாரா ஏர் இந்தியாவோடு இணைந்தபோது பாயின்ட்டுகள் கைமாறின, திட்டத்தின் விதிகளும் கூடவே மாறின.

இந்தத் திட்டங்கள் யாருக்காக நடக்கின்றன என்று தெரிய வேண்டுமானால் கொரோனா காலத்தைப் பாருங்கள். 2020ல் விமானங்கள் தரையில் நின்றபோது யுனைடெட் தன் மைல் திட்டத்தை ஈடாக வைத்து 680 கோடி டாலர் கடன் திரட்டியது. டெல்டா அதேபோல 900 கோடி டாலர் திரட்டியது. வங்கிகளுக்கு மைலை மொத்தமாக விற்று வரும் வருமானம்தான் அந்த ஈட்டின் மதிப்பு. கிரெடிட் கார்டு விற்பவர் ஏன் அத்தனை ஆர்வமாக மைலைப் பற்றிப் பேசுகிறார் என்பதும் இதிலிருந்து புரியும். போதாததற்கு, "ஓசி" டிக்கெட்டுக்கும் வரியை நாம்தான் கட்ட வேண்டும், சில நிறுவனங்கள் அதன்மேல் எரிபொருள் கட்டணமும் வாங்குகின்றன.

ஆகவே எந்தத் திட்டம் என்பதை மைல் செலவாகும் பக்கத்திலிருந்து யோசித்து முடிவெடுங்கள் என்கிறேன். அடுத்த இரண்டு வருஷத்தில் எங்கே போகப் போகிறீர்கள், யார் யார் போவீர்கள், அந்தத் தடத்தில் பள்ளி விடுமுறை நாட்களில் மைலுக்கு இருக்கை கிடைக்கிறதா? இதைத் தேடிப் பார்க்க ஒரு மாலை நேரம் போதும். குடும்பமாகப் போகிறவர்கள் எல்லோர் மைலையும் ஒரே இடத்தில் சேர்க்கும் குடும்பக் கணக்கு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். எமிரேட்ஸ், கத்தார், பிரிட்டிஷ் ஏர்வேஸ் மூன்றிலும் இருக்கிறது. உள்நாட்டில் இண்டிகோவில் மட்டும் பறப்பவர் அதன் புளூசிப்பில் காசில்லாமல் சேர்ந்துவிட்டு, விலை குறைந்த டிக்கெட் எங்கே கிடைக்கிறதோ அங்கே வாங்கலாம்.

அன்று ராத்திரியே அக்காவையும் மாமாவையும் ஒரு குடும்பக் கணக்கில் சேர்த்தோம். மகனும் மருமகளும் அங்கிருந்தபடியே சேர்ந்துகொண்டார்கள். அக்கா பேரில் மிச்சமிருந்த மைல், அடுத்த பயணத்துக்குக் கூடுதல் லக்கேஜ் வாங்கப் போதுமானதாக இருந்தது. பேரனுக்கு வடாமும் மாவடுவும் எடுத்துப்போக அது உதவும் என்றார். மாமா பேரில் இருக்கும் மைல் எந்தத் தேதியில் தீர்கிறது என்று கேட்டு, அந்த ஜவுளிக்கடைக் கவரின் மேலேயே பேனாவால் பெரிதாக எழுதி, பழையபடி பீரோவில் வைத்தார்.