நிறத் துவேஷத்துக்குத் தண்டனை

இங்கிலாந்தில் ஒருவன் மற்றொருவனை அடித்தால் அந்தச் சாதாரண அடிதடிக்கு உச்ச தண்டனை 6 மாதக் காவல். அதே அடி, அடிபட்டவனுடைய நிறத்தையோ இனத்தையோ முன்னிட்டு விழுந்ததென்று ருஜுவானால் 2 வருஷம். 1998-ம் வருஷத்துச் சட்டத்தின் ஏற்பாடு இது.

சில சட்ட நிபுணர்களுக்கு இது பொறுக்கவில்லை. "அடி ஒன்றுதானே, மனதிலிருக்கும் எண்ணத்துக்குத் தனித் தண்டனையா?" என்கிறார்கள். துவேஷத்தை மனதில் வைத்துக்கொண்டு வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பவனை இந்தச் சட்டம் தொடுவதில்லையே! கை ஓங்கினவனைத்தானே கேட்கிறது? வேண்டுமென்று கொன்றவனுக்கு ஒரு தண்டனை, கைதவறிக் கொன்றவனுக்கு வேறு தண்டனை என்று விதித்தபோது மனதைப் பார்க்காமலா விதித்தார்கள்? அப்போது வராத சந்தேகம் இப்போது மட்டும் வருவானேன்?

நிற்க, ருஜு செய்வது எப்படி? துவேஷமே முழுக் காரணமாயிருக்க வேண்டுமென்பதில்லை. காரணத்தில் ஒரு பாகமாயிருந்தால் போதும். அல்லது குற்றம் செய்யும் சமயத்திலோ, அதையொட்டி முன்னோ பின்னோ, அதை வெளியில் காட்டியிருந்தாலும் போதும். "சண்டைக்குக் காரணம் வேறு, வார்த்தை வாய் தவறி வந்துவிட்டது" என்ற சமாதானம் செல்லாது.

ஒருவன் தெருவில் மூன்று ஸ்பானிய ஸ்திரீகளோடு தகராறு செய்து, அந்நியர்கள் என்று ஏசி, சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போகச் சொல்லித் துரத்தினான். "அந்நியர் என்பது ஒரு இனமல்லவே" என்று அவன் தரப்பில் வாதித்தார்கள். என்ன சாமர்த்தியம் பாருங்கள்! ஒரு நாட்டாரைத் திட்டினால் குற்றம், உலகத்தார் எல்லோரையும் திட்டினால் குற்றமில்லையாம். அக்காலத்தில் அந்நாட்டின் உச்ச நீதி ஸ்தலமாயிருந்த பிரபுக்கள் சபை 2007-ல் இந்த வாதத்தைத் தள்ளிவிட்டது.

ஆனால் ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. துவேஷக் குற்றமென்று தனியே சாட்டாமல் சாதாரண அடிதடியென்று வழக்கை முடித்துக்கொண்டால், ஜட்ஜுக்கே துவேஷம் தெரிந்தாலும் அதற்காகத் தண்டனையைக் கூட்ட வழியில்லை. குற்றவாளியையே பிடிக்காவிட்டால் கேட்கவே வேண்டாம்.

1993 ஏப்ரல் 22-ந் தேதி லண்டன் எல்த்தமில் பஸ்ஸுக்குக் காத்திருந்த 18 வயதுக் கறுப்பு வாலிபன் ஸ்டீபன் லாரன்ஸை வெள்ளைக்காரக் கும்பலொன்று குத்திக் கொன்றது. போலீஸ் ஸ்தாபனத்திலேயே இனத்துவேஷம் ஊறியிருக்கிறதென்று 1999-ல் மாக்ஃபர்சன் விசாரணை அறிக்கை சொல்லிற்று. 2012 ஜனவரியில்தான் இருவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. கொலை நடந்தபோது அவர்கள் சிறு வயதினர் என்பதால், குறைந்தபட்சக் காலம் ஒருவனுக்கு 15 வருஷம் 2 மாதம், மற்றவனுக்கு 14 வருஷம் 3 மாதம். வயது வந்தவன் இன்று அதைச் செய்தால் கணக்கு 30 வருஷத்தில் தொடங்கும். அந்தத் தீர்ப்பைக் கேட்கப் பையனைப் பெற்றவர்கள் 18 வருஷத்துக்கு மேல் காத்திருந்தார்கள்.