தாங்க மாட்டார் என்று கைவிடலாமா?

கடும் கீமோதெரபியைத் தாங்காத முதியவருக்கு இரத்தப் புற்றுநோய் வந்தால் இனி வழியில்லை என்றே நம் மக்கள் எண்ணுகின்றனர். அது பழைய கதை! அக்யூட் மைலாய்டு லுகேமியாவுக்கு இன்று அசாசிடிடின் ஊசியுடன் வெனிடோகிளாக்ஸ் மாத்திரை உண்டு. புற்றணுவைச் சாகவிடாமல் காக்கும் புரதத்தையே அது முடக்குகிறது. 2020-இல் வெளியான ஆய்வில், ஊசி மட்டும் பெற்றோரில் பாதிப்பேர் 9.6 மாதம் தாண்டினர். மாத்திரையும் பெற்றோரில் பாதிப்பேர் 14.7 மாதம் தாண்டினர்.

ஆனால் விலை? இன்னொரு வகை இரத்தப் புற்றுநோய்க்கான கிளீவெக் மாத்திரைக்கு நோவார்ட்டிஸ் வைத்த விலை மாதம் சுமார் 1,20,000 ரூபாய். இந்திய நிறுவனங்கள் அதே மருந்தைச் சுமார் 10,000 ரூபாய்க்குத் தந்தன. காப்புரிமை கேட்ட நோவார்ட்டிஸின் மனுவைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-இல் தள்ளியது. 2013 ஏப்ரல் 1-இல் உச்ச நீதிமன்றமும் தள்ளியது. பலன் கூடாத புது வடிவத்துக்குக் காப்புரிமை இல்லை என்னும் 3(டி) பிரிவே காரணம்.

வணிகர்களே! ஊரில் ஒரே கடை என்றால் விலை என்னவாகும்? உங்களுக்குத் தெரியாததா? இளைஞர்களே! குமரியிலிருந்து திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்குப் பஸ் ஏறும் ஏழைக்கு அந்தப் பிரிவே அரண். அதில் எவர் கைவைத்தாலும் எதிர்த்துக் குரல் கொடுங்கள்!