ஒரு கொள்கையின் விலை 4 கோடி டாலர்

நண்பர் ஒருத்தர் பதிவு போட்டிருந்தார். பேர் சொல்லப் போறதில்ல, நல்லா எழுதறவர்தான். "அமெரிக்க வக்கீல் கம்பெனிகள் டைவர்சிட்டி கூத்தை மூட்டை கட்டிட்டாங்க, இனிமே திறமைக்கு மட்டும்தான் மரியாதை" என்று முடித்திருந்தார். கீழே ஒரே கைதட்டல். பின்னூட்டம் போடலாம்னு உட்கார்ந்தேன், அனுமார் வால் மாதிரி நீண்டுபோச்சு. அதான் தனிப்பதிவு.

முதல்லயே சொல்லிடறேன், அந்த டைவர்சிட்டி பக்கங்களுக்குச் சொம்பு தூக்க நான் வரல. நீங்களும் பாத்திருப்பீங்க. கண்ணாடி அறை, நாலு நிறத்துல நாலு பேர், நாலு பேருக்கும் ஒரே டூத்பேஸ்ட் சிரிப்பு. கீழே "பன்முகத்தன்மை எங்கள் உயிர்மூச்சு" வகையறா வாசகம். அந்த உயிர்மூச்சு எப்படி நின்னுது என்பதுதான் என் பிரச்சினை. திறமை வந்து கழுத்தை நெரிச்சதால நிக்கல. பயத்துல நின்னுது.

எல்லா கம்பெனியையும் இழுத்தா பதிவு ராமாயணமாயிடும். ஒண்ணே ஒண்ணு போதும்: நியூயார்க்கின் பால் வைஸ்.

இவங்க பழைய கதையே ஒரு சினிமா. வில்லியம் கோல்மன் என்று ஒரு கறுப்பின மாணவர். ஹார்வர்ட் சட்டப் பள்ளியில முதல் ஆள். 1948ல உச்ச நீதிமன்ற நீதிபதி ஃப்ராங்க்ஃபர்ட்டரிடம் கிளார்க்காகச் சேர்ந்தார் (நம்ம ஊர் குமாஸ்தா இல்லீங்க, நீதிபதிக்குச் சட்டம் தேடிக் கொடுத்து எழுதவும் உதவுற வேலை, அதுக்கு அடிச்சுக்குவாங்க). அந்தக் கோர்ட்டில் அந்த வேலைக்குப் போன முதல் கறுப்பர் அவர்தான். இதுக்கு மேல திறமைக்கு என்ன சர்ட்டிபிகேட் வேணும்? சொந்த ஊர் பிலடெல்பியாவில ஒரு பெரிய கம்பெனியும் கதவைத் திறக்கல. 1949ல எடுத்துக்கிட்டது பால் வைஸ். பின்னாடி பள்ளிகளில் நிறப்பிரிவினையை ஒழித்த 1954 பிரவுன் வழக்கில் வேலை பார்த்தார், 1975ல மந்திரியும் ஆனார்.

சபாஷ் பால் வைஸ்! ஆனா கைதட்டலை அவசரப்பட்டு ஆரம்பிச்சுடாதீங்க. அதே கம்பெனியில 1958 கோடை விடுமுறைக்கு ஒரு பொண்ணு வேலை பாத்துச்சு. படிப்பு முடிஞ்சதும் வேலை தருவாங்கன்னு எதிர்பார்த்துச்சு, தரல. அடுத்த வருஷம் கொலம்பியாவில வகுப்பிலேயே முதலிடத்தைப் பங்கு போட்டுக்கிட்டு வெளிய வந்தும் நியூயார்க்கில ஒரு கம்பெனியும் சீந்தல. பேரு ரூத் பேடர் கின்ஸ்பர்க். 1993ல உச்ச நீதிமன்ற நீதிபதி ஆனவர். இவருக்கு முன்னாடியே அந்தக் கோர்ட்டுக்குப் போன சாண்ட்ரா டே ஓ'கானர் கதை இன்னும் மோசம். 1952ல ஸ்டான்ஃபோர்டு முடிச்சவருக்கு ஒரு பெரிய கம்பெனி குடுக்க முன்வந்தது செக்ரட்டரி வேலை.

இதெல்லாம் எந்த டைவர்சிட்டி ஆபீசரும் இல்லாத காலம். நண்பர் கனவு காணுற அந்த சுத்தமான திறமை ராஜ்ஜியம் ஏற்கனவே நடந்து முடிஞ்சதுங்க. நடந்த லட்சணம் இது.

சரி, அப்புறம் எப்படி மாறினாங்க? மனசாட்சி உறுத்தி இல்ல. 2004ல சாரா லீ என்ற பெரிய உணவுக் கம்பெனியின் தலைமை வக்கீல் ரோடரிக் பால்மோர் ஓர் அறிக்கை விட்டார். எங்க வழக்குகளைப் பாக்குற கம்பெனிகள்ல பல தரப்பு ஆட்களும் இருக்கணும், இல்லேன்னா வேலையை வேற இடத்துக்குக் கொண்டுபோவோம்னு. மத்த கம்பெனிகளின் தலைமை வக்கீல்களும் கையெழுத்துப் போட்டாங்க. காசு குடுக்கிற வாடிக்கையாளன் கேட்டான், கடைக்காரன் அலமாரியில வச்சான். அவ்வளவுதான் சார் அந்த உயிர்மூச்சு.

அலமாரிக்குப் பின்னாடி என்ன இருந்ததுன்னு 2018 டிசம்பர்ல வெளிய தெரிஞ்சுது. பால் வைஸ் புதுசா பார்ட்னர் ஆன 12 பேரின் படத்தைப் பெருமையாப் போட்டாங்க. 11 வெள்ளைக்கார ஆண்கள், ஒரு வெள்ளைக்காரப் பெண். கோல்மனை எடுத்த கம்பெனி, 70 வருஷம் கழிச்சு! அடுத்த மாசமே 170க்கும் மேற்பட்ட தலைமை வக்கீல்கள் ஒண்ணா சேர்ந்து, பெரிய கம்பெனிகளைக் கண்டிச்சு பகிரங்கக் கடிதம் எழுதினாங்க. மறுபடியும் பாருங்க, அசைச்சது வாடிக்கையாளன்தான்.

இது அந்த ஒரு கம்பெனி சமாச்சாரம் மட்டுமில்ல. 2023 கணக்குப்படி பெரிய கம்பெனிகளில் அசோசியேட்டுகளில் முதல் தடவையா பெண்கள் பாதியைத் தாண்டினாங்க. பார்ட்னர்களில் 30 சதவீதம்கூட இல்ல. கறுப்பினத்தவர் ஜனத்தொகையில் 13 சதவீதம்னா பார்ட்னர்களில் 3 சதவீதத்துக்கும் கீழே. வாசல்ல வரவேற்பு, மாடிப்படியில பூட்டு. ஏன்னு கேட்டா "திறமை"ம்பாங்க. பார்ட்னர் ஆகறது எப்படின்னு கொஞ்சம் பாருங்க. பெரிய கேஸ்ல உங்களைச் சேர்க்க ஒரு மூத்த பார்ட்னர் மனசு வைக்கணும். அந்த மணி நேரங்கள் உங்க கணக்குல ஏறணும். அப்புறம் அவர் ரிட்டயர் ஆகும்போது தன் வாடிக்கையாளரை யார் கையில ஒப்படைக்கிறாரோ அவருக்குத்தான் "வியாபாரம் கொண்டுவந்தவர்" பட்டமும் அதுக்கான பங்குப் பணமும். யார் கையில ஒப்படைப்பார்? கூட கோல்ஃப் ஆடுற பையன் கையில. தன் இளமைக்காலத்தை யாரைப் பாத்தா ஞாபகம் வருதோ அவன் கையில. இதுக்கு எந்தப் பரிட்சையும் கிடையாது, மார்க்கும் கிடையாது. தகுதி, திறமைன்னு நம்ம ஊர்ல கேட்டுக் கேட்டுக் காது புளிச்ச அதே பாட்டுதான், மெட்டு மட்டும் இங்கிலீஷ்.

இனி 2025. மார்ச் 14ஆம் தேதி பால் வைஸ் மேல டிரம்ப் ஓர் உத்தரவு போட்டார். அரசுக் கட்டடங்களுக்குள்ள நுழையக் கட்டுப்பாடு, ரகசியத் தகவல் பாக்குற அனுமதி ரத்து, உங்களோட வியாபாரம் வச்சிருக்கிற அரசு ஒப்பந்தக்காரர்கள் அதை வெளிய சொல்லணும்... இப்படி. சொன்ன காரணங்கள்ல டைவர்சிட்டி கொள்கையும் ஒண்ணு. வருஷத்துக்கு 250 கோடி டாலருக்கு மேல வருமானம் பாக்குற, கோர்ட்ல சண்டை போடறதையே தொழிலா வச்சிருக்கிற கம்பெனி என்ன பண்ணியிருக்கணும்? ஒரு வாரத்துல அவங்க பண்ணினது சமரசம். ஜனாதிபதி விரும்பும் காரியங்களுக்கு 4 கோடி டாலர் மதிப்புள்ள இலவச சட்ட வேலை. உத்தரவு 21ஆம் தேதி வாபஸ்.

இதுல ஒரு காமெடி இருக்கு. டிரம்ப் வெளியிட்ட ஒப்பந்த வாசகத்துல, டைவர்சிட்டி கொள்கை எதையும் பால் வைஸ் கடைப்பிடிக்காதுன்னு இருந்தது. கம்பெனி தன் ஊழியர்களுக்குச் சுத்துல விட்ட வாசகத்துல அந்த வரி அப்படி இல்ல. ஒப்பந்தத்துல ஒவ்வொரு காற்புள்ளிக்கும் மணிக்கணக்குல பில் போடறவங்க ஐயா இவங்க!

அப்போதைய தலைவர் பிராட் கார்ப், கம்பெனியே அழிஞ்சு போயிருக்கும், போட்டிக் கம்பெனிகள் எங்க வாடிக்கையாளர்களையும் வக்கீல்களையும் இழுக்கப் பாத்தாங்கன்னு ஊழியர்களுக்கு எழுதினார். பொய்னு சொல்ல மாட்டேன். மத்தவங்க யோக்கியதையும் சேர்த்து அதுல தெரியுது. ஆனா இதே மாதிரி உத்தரவு வாங்கின பெர்கின்ஸ் கோயி, ஜென்னர் அண்ட் பிளாக், வில்மர்ஹேல், சஸ்மன் காட்ஃப்ரே நாலு பேரும் கோர்ட்டுக்குப் போனாங்களே? 2025 மே, ஜூன் மாசங்கள்ல நாலு தனித்தனி நீதிபதிகள் நாலு உத்தரவையும் தூக்கிக் கடாசினாங்க. அதுல ரெண்டு நீதிபதிகள் புஷ் நியமிச்சவங்க, இடதுசாரி சதின்னு ஜல்லியடிக்கவும் வழியில்ல. பெர்கின்ஸ் ஒண்ணும் புனிதப் பசு இல்ல. 2023ல வழக்கு வந்ததும் தன்னோட டைவர்சிட்டி பெல்லோஷிப் விதிகளை அவசரமா மாத்தி எழுதினவங்கதான். ஆனா ரெண்டாவது அடிக்கு எழுந்து நின்னாங்க.

பால் வைஸோட சேர்ந்து மொத்தம் 9 கம்பெனிகள் பேரம் முடிச்சாங்க, ஏறக்குறைய 94 கோடி டாலர் இலவச வேலை. பெர்கின்ஸுக்கு ஆதரவா கோர்ட்ல மனு போட்டது 500க்கும் மேற்பட்ட கம்பெனிகள். வருமானத்துல முதல் 20 இடத்துல இருக்கிற ஒருத்தர் பேரும் அதுல இல்ல. அந்தக் கண்ணாடி அறை போட்டோக்கள் யாருடைய பக்கத்துல பெருசா இருந்துச்சுன்னு தனியா சொல்லணுமா?

அதனால நண்பரே, திறமை ஜெயிச்சதுன்னு வெடி வெடிக்காதீங்க. கோல்ஃப் பையன் அதே இடத்துலதான் இருக்கான். அவனைப் பத்திக் கேள்வி கேட்க இருந்த ஒரே ஒரு ஆளைத்தான் வெளிய அனுப்பியிருக்காங்க.

டிஸ்கி: நான் வக்கீல் இல்ல. பெர்கின்ஸ் தீர்ப்பை எதிர்த்து அரசாங்கம் 2025 ஜூன் கடைசியில அப்பீல் போட்டது. கும்மி அடிக்க வர்றவங்க, பால் வைஸோட பழைய வக்கீல்கள் 140க்கும் மேல சேர்ந்து தங்கள் முன்னாள் கம்பெனிக்கே எழுதின கண்டனக் கடிதத்தைப் படிச்சிட்டு வாங்க. என்னைவிட நல்லா திட்டியிருக்காங்க :)