பெயர்ப்பலகையும் பிள்ளைகளும்

சர்வகலாசாலைத் தாவரத் தோட்டத்துக்குப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போவது நல்ல காரியந்தான். அதை மறுப்பவர் ஒருவரும் இல்லை. மறுப்பவர் இல்லாததாலேயே, அது எப்படி நடக்கிறது என்று கேட்பாரும் இல்லாமல் போய்விட்டது.

எப்படி நடக்கிறது? பஸ்ஸிலிருந்து இறங்கிய பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக வரிசையில் நிற்கிறார்கள். முன்னே ஓர் உபாத்தியாயர், பின்னே ஓர் உபாத்தியாயினி. தொடாதே, பறிக்காதே, ஓடாதே என்ற மூன்று மந்திரங்களும் வாசலிலேயே உபதேசமாகிவிடுகின்றன. அப்புறம் ஒவ்வொரு மரத்தின் முன்னாலும் அரை நிமிஷம். மரத்தைப் பார்ப்பதற்கு அல்ல. அதில் மாட்டியிருக்கும் தகரப் பலகையின் லத்தீன் பெயரை நோட்டில் எழுதிக்கொள்வதற்கு. நாற்பது பெயர் சேர்ந்ததும் புளியோதரைப் பொட்டலம் பிரிகிறது. பிறகு 'நான் சென்ற சுற்றுலா' என்று ஒரு கட்டுரை. அந்த நாற்பதில் ஒன்றின் இலையாவது எப்படி இருந்தது என்று கட்டுரையில் தேடிப் பாருங்கள். நான் தேடியிருக்கிறேன், கட்டுரைப் போட்டிக்கு நடுவராக உட்காரும் தொல்லை எழுத்தாளனை விடுவதில்லை.

தாவர சாஸ்திரம் போதிக்கும் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "ஐயா, அது ஆராய்ச்சிக்கான தோட்டம். கண்டவர்களும் புகுந்தால் செடி மிஞ்சாது. பிள்ளைகள் இவ்வளவு பார்ப்பதே அதிகம்" என்றார். நல்ல மனிதர், ஆனாலும் அவர் பேச்சுக்குள் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. தாவர சாஸ்திரம் கனமான சரக்கு, சாமானியர் தலையில் ஏறாது, பலகையை மட்டும் காட்டி அனுப்பிவிடலாம் என்கிற நம்பிக்கை. பிள்ளைகளை விரட்டிக்கொண்டு போகும் உபாத்தியாயருக்கும் அதே நம்பிக்கைதான்.

இது பொய் என்று காட்டியவர் ஒரு பாதிரியார். பெயர் ஜான் ஹென்ஸ்லோ. 1825-ல் கேம்பிரிட்ஜில் தாவர சாஸ்திரப் பேராசிரியரானவர், டார்வினுக்கு ஆசான். மாணவர்களை வயல்வெளிக்கு இழுத்துக்கொண்டு போவார். அவரோடு ஓயாமல் நடந்ததால், ஹென்ஸ்லோவோடு நடக்கிற பையன் என்றே டார்வினுக்கு அங்கே பெயர் விழுந்தது. நான் சொல்ல வந்தது டார்வினைப் பற்றி அல்ல. டார்வின்கள் எந்த உபாத்தியாயர் கையிலும் தப்பிப் பிழைத்துக்கொள்வார்கள். 1837-ல் ஹென்ஸ்லோவுக்கு ஹிட்சம் என்ற கிராமத்தின் திருச்சபைப் பொறுப்பு கிடைத்தது. வறுமை பிடித்த கிராமம், கூலிக்காரக் குடும்பங்கள். அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு, விரும்பினால் வரலாம் என்று தாவர வகுப்பு ஆரம்பித்தார். சேருவதற்கு ஒரு நிபந்தனை: சில கடினமான சாஸ்திரச் சொற்களை எழுத்துப் பிசகாமல் எழுதிக் காட்டவேண்டும். கூலிக்காரன் மகள் எழுதிக் காட்டினாள். காரணம், பூவைக் கையில் கொடுத்துப் பிரித்துப் பார்க்கச் சொல்லியிருந்தார். இதழ் எத்தனை, கேசரம் எத்தனை, எதன்மேல் எது உட்கார்ந்திருக்கிறது என்று கண்டவளுக்குச் சொல் பாரமாக இல்லை. கண்ட பொருளுக்குப் பெயர் வேண்டியிருந்தது; பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. நம் வரிசையில் பெயர் முதலில் வருகிறது, பொருள் வருவதே இல்லை.

அதே ஹென்ஸ்லோதான் கேம்பிரிட்ஜின் இன்றைய தோட்டத்துக்கும் மூலகாரணர். ஊர் நடுவில் நெருக்குண்டு கிடந்த பழைய மருந்துத் தோட்டம் போதாதென்று வாதாடினார். 1831-ல் புது நிலம் வாங்கினார்கள், 1846-ல் தோட்டம் திறந்தது. பெரிய நடைபாதையில் இரண்டு கரும் பைன் மரங்கள் எதிரும் புதிருமாக நிற்கின்றன. ஒரே இனம், ஆனால் வேறு வேறு நிலத்து வகைகள். உருவத்தில் அண்ணனும் தம்பியும் போல ஒத்தும் ஒவ்வாமலும் இருக்கும். ஓர் இனத்துக்குள் எவ்வளவு வேறுபாடு இருக்கலாம் என்பதே ஹென்ஸ்லோவுக்கு வாழ்நாள் கேள்வி. அந்தக் கேள்வியை மரமாகவே நட்டுவைத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் நின்று மாறி மாறிப் பார்த்தால் போதும், பலகை வேண்டாம்.

அங்கேயும் கூட்டம் போனது பெரும்பாலும் நியூட்டனின் ஆப்பிள் மரத்துக்கு என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1954-ல் நட்டது, 2022 பிப்ரவரிப் புயலில் விழுந்துவிட்டது. நியூட்டன் வீட்டு மரத்தின் வழிவந்த ஒட்டு அது. ஆப்பிள் விதை போட்டால் தாயைப் போலவே வராது. கிளையை ஒட்டித்தான் அதே மரத்தை நீட்டிக்கொண்டு போகவேண்டும். நம் ஒட்டுமாங்கன்று வித்தைதான். 'ஐயோ, நியூட்டன் மரம் போயிற்றே' என்றவர்களுக்கு, அதன் கிளையிலிருந்து ஏற்கெனவே கன்று எடுத்துவைத்திருக்கிறார்கள் என்பதே நல்ல பாடம். நியூட்டனைவிட அந்த ஒட்டுக்கத்தி சுவாரசியமான விஷயம் என்பது என் அபிப்பிராயம்.

நண்பரின் கட்சியில் நியாயம் உண்டு. செடி திருடுவோர் இன்று நேற்று முளைத்தவர்கள் அல்ல. இத்தாலியில் பாதுவா சர்வகலாசாலை 1545-ல் மூலிகைத் தோட்டம் போட்டது. இரவுத் திருட்டுப் பொறுக்காமல் சில வருஷத்திலேயே சுற்றிலும் வட்டமாக மதில் எழுப்பினார்கள். ஆனால் மதிலுக்குள் என்ன செய்தார்கள்? வைத்தியம் படித்த பையன்களுக்கு அசல் மூலிகை எது, அதைப்போன்ற போலி எது என்று செடியைக் காட்டியே கற்பித்தார்கள். தெரியாமல் போனால் நோயாளி செத்துப்போவான். மதில் கள்ளனுக்காக, கற்க வந்தவனுக்காக அல்ல.

அருமையான செடிகளைப் பூட்டி வைத்துக்கொள்ளட்டும், ஆட்சேபம் இல்லை. வாசலருகில் ஒரே ஒரு பாத்தியைப் பிள்ளைகளுக்கென்று விட்டுவிடட்டும். 'இங்கே பறிக்கலாம்' என்று பலகை வைக்கட்டும். அதில் செம்பருத்தி, வெண்டை, பருத்தி, ஓரத்தில் ஒரு பூவரசு. செலவு சொற்பம். பேசுவதற்கு உபாத்தியாயர் வேண்டாம், தோட்டக்காரரையே நிறுத்தலாம். பிள்ளைகள் நான்கு பூவையும் பிரிக்கட்டும். நான்கிலும் நடுவே ஒரே மாதிரிக் குழல், அதைச் சுற்றிக் கேசரங்கள். 'இவை என்ன, உறவா?' என்று ஏதாவதொரு பிள்ளை கேட்கும்வரை தோட்டக்காரர் வாயைத் திறக்கக்கூடாது. அன்றைக்கு மற்ற முப்பத்தாறு மரங்களைப் பார்க்க நேரம் இல்லாமல் போனால் போகட்டும். பஸ்ஸை இன்னொரு மாதமும் அனுப்புங்கள். வெண்டை அதற்குள் காய்த்திருக்கும்.