வாசலுக்குத் தார் பூசும் புத்திசாலிகளே!

மக்களே, எங்க சாலவாக்கத்துல ஒருத்தர் கார் நிறுத்துற சிமெண்ட் வாசலுக்குக் கறுப்பு சீலர் அடிக்கப் போறாராம். கேட்டா, பாலைவன ஊர்லயே அடிக்கிறாங்களாம்!

அய்யா, அது தார் போட்ட தரைக்கான சரக்கு. சித்திரை வெயில்ல கறுப்பு எவ்வளவு சூட்டை இழுக்கும்னு வெறுங்காலோட நின்னு பாருங்க. நிலக்கரித் தார்ல செஞ்சதுன்னா இன்னும் மோசம். மழையில அடிச்சுக்கிட்டுப் போய் ஓடையைக் கெடுக்குதுன்னு அமெரிக்காவின் ஆஸ்டின் நகரம் 2006லேயே தடை பண்ணிடுச்சு. நமக்கோ ஏரித் தண்ணிதான் எல்லாம்.

வாசல் வெடிக்கிறதுக்குப் பெரும்பாலும் காரணம் வேற. ஏழு நாள் பாத்தி கட்டித் தண்ணி நிறுத்தச் சொன்னா மேஸ்திரிக்குக் கோவம் வருது. பூசியே ஆகணுமா? 28 நாள் கழிச்சு, உள்ள இறங்குற நிறமில்லாத சிலேன் வகையை, தரை சூடேறும் முன்ன காலையில அடிங்க. 'எல்லாத்துக்கும் அடிக்கலாம் சார்'னு விக்கிறவர்கிட்ட மட்டும் வாங்காதீங்க :-)