படகை மெல்ல ஓட்டச் சொல்லுங்கள்



பாடசாலை விடுமுறை நெருங்கினால் நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி, "இந்த முறை எங்கே போவது?" என்பதுதான். நுவரெலியாவையும் கண்டியையும் பார்த்துச் சலித்த குடும்பங்கள் இப்போது பலப்பிட்டிய மாது கங்கைக்கும் போகின்றன. இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு வேனைப் பிடித்து, புரியாணியைச் சட்டியோடு கட்டிக்கொண்டு கொழும்பிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டால், படகேறி, கண்டற்காட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கே வந்துவிடலாம்.

போய் வந்தவர்களிடம் "எப்படி இருந்தது?" என்று கேட்டால், பிள்ளைகள் ஒரே குரலில் சொல்வது, "படகு பறந்தது!" என்பதுதான். காட்டில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் பதிலுக்கு நேரம் எடுக்கிறது. இம்மாதம் இதைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன். அந்தப் பயணத்தை நல்ல பயணமாக்கும் சொல் ஒன்று உண்டு. படகோட்டியிடம், "மெல்லப் போங்கள்" என்று சொல்வதே அது. அதைச் சொல்ல மூன்று காரணங்கள் இருக்கின்றன.

முதலில் அந்த இடத்தைத் தெரிந்துகொள்வோம். மாது கங்கை என்று பெயர் இருந்தாலும் அது மலையிலிருந்து ஓடிவரும் மகாவலி போன்ற ஆறல்ல. கடலோடு வாய் வைத்திருக்கும் ஒரு களப்பு. அருகிலுள்ள ரன்தொம்பே வாவியோடு ஒடுங்கிய கால்வாய்களால் இணைந்திருக்கிறது. உள்ளே சின்னதும் பெரிதுமாகப் பல தீவுகள். சிலவற்றில் மனிதர் வாழ்கிறார்கள். கறுவாப் பட்டை உரிக்கிறார்கள். ஒரு தீவில் பௌத்த விகாரை உண்டு. ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் 2003ஆம் ஆண்டு இக்களப்பின் 915 ஹெக்டயர் பரப்பு சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த இடமாகப் பதியப்பட்டது. 2006இல் இது சரணாலயமாக்கப்பட்டது. சிவந்த பூப் பூக்கும் கண்டல் இனமொன்று, நம் நாட்டில் மிக அரிதாகிப்போனது, இந்தக் களப்பை அண்டியே வாழ்கிறது. ஆகவே நாம் போவது ஒரு விளையாட்டுத் திடலுக்கல்ல. சட்டம் காவல் நிற்கும் ஓர் இடத்துக்கு.

மெல்லப் போகச் சொல்வதற்கு முதற் காரணம் உங்கள் பிள்ளைகள்.

2021 நவம்பர் 23ஆந் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் நடந்ததை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. பாலம் கட்டி முடியாத இடத்தில் மக்களை ஏற்றிச் சென்ற இழுவைப் படகு கவிழ்ந்து, பாடசாலைக்குப் புறப்பட்ட பிஞ்சுகளும் பெரியவர்களும் உயிரிழந்தார்கள். அவர்கள் உல்லாசப் பயணம் போனவர்களல்லர்; வேறு வழியின்றி அந்தப் படகில் ஏறியவர்கள். நாமோ விரும்பிப் போகிறோம், பணம் கொடுத்துப் போகிறோம். நமக்குக் கேட்கும் உரிமையும் இருக்கிறது, மறுக்கும் உரிமையும் இருக்கிறது. அப்படியிருந்தும் உயிர்காப்பு அங்கியைக் கையில் வைத்துக்கொண்டு படத்துக்கு நிற்கும் தாய்மாரையும், "வெயிலாக இருக்கிறது, கழற்றிவிடு மகன்" என்று சொல்லும் தந்தைமாரையும் காண்கிறோம்.

சகோதரிகளே! இதைக் கரையிலேயே முடித்துவிடுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் உடலுக்கேற்ற அளவில் அங்கி இருக்கிறதா என்று பாருங்கள். பெரியவரின் அங்கியைச் சிறு பிள்ளைக்கு மாட்டினால், தண்ணீரில் விழுந்ததும் அங்கி மேலே மிதக்கும், பிள்ளை கீழே வழுகிவிடும். மாட்டியபின் தோள்பட்டைப் பட்டிகளைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். அங்கி காதளவுக்கு எழும்பினால் அது சரியான அளவல்ல. நீங்கள் அபாயா அணிந்திருப்பதால் அங்கியை அதற்கு மேலே அணிந்து எல்லாப் பட்டிகளையும் பூட்டுங்கள். நனைந்த துணி காலைச் சுற்றிப் பிடிக்கும் என்பதால், நீந்தத் தெரிந்தவருக்கும் அங்கி வேண்டும். துப்பட்டாவின் தொங்கலும் அபாயாவின் ஓரமும் படகின் விளிம்புக்கு வெளியே பறக்காதபடி மடியில் ஒதுக்கிக்கொள்ளுங்கள். படகில் எத்தனை பேர் ஏறலாம் என்று கேளுங்கள். "இன்னும் இரண்டு பேர்தானே" என்று யாராவது சொன்னால், அந்த இருவரோடு நீங்களும் இறங்கி அடுத்த படகுக்குக் காத்திருங்கள். கூலியையும் பயண நேரத்தையும் எந்தெந்த இடத்துக்குப் போவது என்பதையும் ஏறுமுன் பேசி முடியுங்கள். இவ்வளவுக்கும் ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்துக்கு வெட்கப்படவேண்டியதில்லை.

இரண்டாவது காரணம் காடு.

கண்டல் மரம் நிற்கும் சேற்றில் காற்று இல்லை. கறுத்து, அழுகிய முட்டைபோல் மணக்கும் சேறு அது. அத்தகைய இடத்தில் வேர் எப்படி மூச்சுவிடும்? சில இனங்கள் தண்டிலிருந்து வளைந்து இறங்கும் மிண்டி வேர்களை விடுகின்றன. வேறு சில, சேற்றுக்குள்ளிருந்து விரல்களைப்போல மேலே நீட்டும் மூச்சு வேர்களை விடுகின்றன. அவற்றின் தோலிலுள்ள நுண்ணிய துளைகளால் காற்று உள்ளே போகிறது. உப்பு நீரைச் சமாளிப்பதற்கும் வழி இருக்கிறது. சில இனங்கள் பெரும்பகுதி உப்பை வேரிலேயே தடுத்துவிடுகின்றன. சில இனங்கள் இலை வழியே வெளியேற்றுகின்றன. அந்த இலையை நாவில் வைத்தால் உப்புக் கரிக்கும்.

இனப்பெருக்கம் இன்னும் ஆச்சரியமானது. நாம் வழமையாகக் கண்டல் என்று சொல்லும் மரத்தின் வித்து, நிலத்தில் விழுந்து முளைப்பதில்லை. தாய் மரத்தில் தொங்கியபடியே முளைத்து, முருங்கைக்காய் போல நீண்டு, நாற்றாகவே கீழே விழுகிறது. தண்ணீர் வற்றிய நேரமானால் சேற்றில் குத்தி நிற்கும். இல்லையேல் மிதந்துபோய் வேறொரு கரையில் வேர்விடும். பிள்ளையைக் கொஞ்ச காலம் மடியில் வைத்து வளர்த்து, பிறகே உலகுக்கு அனுப்புகிற தாயைப்போல என்று நான் என் வகுப்பில் சொல்வதுண்டு. படைத்தவன் எதையும் வீணாகப் படைக்கவில்லை என்பதற்கு இதைவிட எளிய பாடம் வேண்டுமா?

இப்போது அந்த இளம் நாற்றின் பக்கமிருந்து பாருங்கள். சேற்றில் பிடிமானம் கிடைத்துச் சில நாட்கள்தான் ஆகியிருக்கும். எஞ்சின் படகு ஒன்று சீறிக்கொண்டு போகிறது. அது எழுப்பிய அலை கரையில் மோதி, சேற்றைக் கரைத்து, நாற்றை அசைக்கிறது. அடுத்த படகு வருகிறது. மறுபடியும் அலை. விடுமுறை நாளில் காலை முதல் மாலை வரை இதுவே தொடர்ந்தால் கரை அரிக்கும், வளர்ந்த மரத்தின் வேர்கூட வெளியே தெரியும். கிளைகள் வளைந்து கூரையாகும் ஒடுங்கிய கால்வாய்களுக்குள் இந்தப் பாதிப்பு இன்னும் கூடுதல். வேர்களுக்கிடையே ஒதுங்கியிருக்கும் இறால் குஞ்சுகளும் மீன் குஞ்சுகளும் நண்டுகளும் கலங்கிப்போகின்றன. களப்பு மீனவரின் வலையில் நாளை விழவேண்டியவை அவை. நம் வீட்டுச் சட்டிக்கு வரவேண்டியவையும் அவைதான். படகு மெல்லப் போனால் அலை எழுவது குறைவு. உங்கள் ஒரு சொல்லால் கிடைக்கும் நன்மை இது.

"ஒரு மரம் போனால் இன்னொன்றை நட்டுக்கொள்ளலாமே" என்று நினைக்கவும் வழியில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நம் நாட்டில் பல இடங்களில் கண்டல் நாட்டினார்கள். அவை என்ன ஆயின என்று 23 இடங்களில் ஆராய்ந்து 2017இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அவற்றில் 9 இடங்களில் ஒரு கன்றுகூட உயிரோடு இல்லை. பொருந்தாத இடத்தில் நட்டது, நட்டபின் பார்க்காமல் விட்டது, கால்நடைகள் மேய்ந்தது எனப் பல காரணங்கள். நிற்கிற காட்டைக் காப்பது, அழிந்த காட்டை மீட்பதைவிட எத்தனையோ மடங்கு இலகு என்பதே அதன் படிப்பினை.

புத்தளம், சிலாபம் பக்கத்துச் சகோதரிகளுக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை. இறால் பண்ணைகளுக்காக அங்கே கண்டற்காடுகள் வெட்டப்பட்டதைக் கண்ணால் கண்டவர்கள் அவர்கள். 1996இல் வெண்புள்ளி நோய் பரவியபோது பண்ணைகள் பல நட்டமடைந்தன. குளங்கள் கைவிடப்பட்டன. இறாலும் இல்லை, காடும் இல்லை என்றானது.

ஆனால் நம்பிக்கை தரும் செய்தியும் அங்கிருந்தே வருகிறது, அதுவும் பெண்கள் மூலமாக. சிலாபத்தைத் தளமாகக் கொண்ட சுதீச என்ற சிறு மீனவர் அமைப்பும் சீகோலொஜி என்ற வெளிநாட்டு அமைப்பும் அரசாங்கத்தோடு சேர்ந்து 2015இல் ஒரு திட்டத்தைத் தொடங்கின. களப்புகளை அண்டிய 1,500 கிராமங்களில் 15,000 பெண்களுக்குத் தொழிற்பயிற்சியும் சிறுகடனும் கொடுப்பது, அதற்குப் பதிலாக அவர்கள் தங்கள் ஊர்க் கண்டற்காட்டைக் காப்பது என்பது ஏற்பாடு. கடன் என்றதும் வட்டியைப் பற்றி விசாரிப்பது நம் கடமை. அது வேறு பேச்சு. இங்கே கவனிக்கவேண்டியது, காட்டைக் காக்கும் பொறுப்பை யாரிடம் கொடுக்கலாம் என்று தேடியபோது வீட்டை நடத்துகிற பெண்ணிடம் கொடுக்கலாம் என்று முடிவுசெய்தார்களே, அதுதான். 2024இல் ஐக்கிய நாடுகள் சபை உலகின் முன்மாதிரி மீட்பு முயற்சிகளாக அறிவித்த ஏழில், இலங்கையின் கண்டல் மீட்பும் ஒன்று.

மூன்றாவது காரணம், பார்ப்பதற்காகத்தானே போனீர்கள்!

வேகமாகப் போகிற படகிலிருந்து கண்டற்காடு ஒரு பச்சைச் சுவராகத்தான் தெரியும். எஞ்சினின் சத்தத்தில் பறவை பறந்துவிடும். மெல்லப் போனால், கிளையில் சிறகை விரித்துக் காயவிடும் நீர்க்காகம் தெரியும். தண்ணீரை உற்றுப் பார்த்திருக்கும் மீன்கொத்தி தெரியும். வேரின்மேல் அசையாமல் கிடக்கும் கபரகொய்யா தெரியும். ஒரு நிமிடம் எஞ்சினை நிறுத்தச் சொல்லுங்கள். வேர்களுக்கிடையே தண்ணீர் தளம்பும் ஓசையைப் பிள்ளைகள் கேட்கட்டும். காலையிலேயே படகேறுங்கள், வெயிலும் குறைவு, பறவைகளும் அதிகம். ளுஹருக்கு முன் கரைசேரவும் வசதி. பேருவளை, அளுத்கம வழியாகத் திரும்புவதானால் பெண்களுக்குத் தொழ இடமுள்ள பள்ளிவாசல் எது என்று புறப்படுமுன்பே விசாரித்து வையுங்கள்.

சில இடங்களில் குட்டி முதலையையோ குரங்கையோ கையில் தந்து படமெடுக்கச் சொல்வார்கள். மறுத்துவிடுங்கள். அந்தப் பிராணியின் வாய் கட்டப்பட்டிருக்கலாம், தாயிடமிருந்து பிரிக்கப்பட்டிருக்கலாம். நாம் கொடுக்கும் காசுதான் அடுத்த குட்டியைப் பிடிக்கவைக்கிறது. வாயில்லாப் பிராணிகளுக்குச் செய்யும் கொடுமைக்கும் கணக்குண்டு என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அதற்குக் கூலியும் கொடுக்கலாமா? விகாரை இருக்கும் தீவில் இறங்குவதும் இறங்காததும் உங்கள் விருப்பம். இறங்கினாலும் படகிலேயே இருந்தாலும், பிறர் புனிதமாகக் கருதும் இடத்தின் அருகே சத்தமும் பாட்டும் வேண்டாம்.

சாப்பாட்டைக் கரையில் வைத்துக்கொள்ளுங்கள். ஷொப்பிங் பேக்கும் லன்ச் ஷீட்டும் தயிர்க் கோப்பையும் காற்றில் பறந்து தண்ணீரில் விழுந்தால், மூச்சு வேர்களின்மேல் போய்ப் படிந்துகொள்ளும். மரத்தின் மூக்கை நாம் பொத்தியது போலாகும். கொண்டுபோனதை எண்ணிக் கொண்டுபோங்கள், எண்ணித் திரும்பக் கொண்டுவாருங்கள். வீட்டுக் கணக்கு எழுதும் கைக்கு இது பெரிய வேலையல்ல.

படகோட்டி கெட்ட மனிதரல்லர் என்பதையும் நினைவில் வையுங்கள். வேகமாக ஓட்டினால்தான் வந்தவர்கள் மகிழ்வார்கள் என்று நாம்தான் அவருக்குக் கற்பித்திருக்கிறோம். சீக்கிரம் கரைசேர்ந்தால் அடுத்த சுற்று கிடைக்கும் என்பதும் அவருடைய வயிற்றுப்பாடு. ஆகவே கோபமாக அல்ல, தம்பியிடம் சொல்வதுபோல், "ஹெமின் யமு மல்லி" என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். மெல்ல ஓட்டியதற்காக இறங்கும்போது கையில் கொஞ்சம் கூடுதலாகக் கொடுங்கள். அந்தக் கரையில் இன்று ஒரு குடும்பம், நாளை பத்துக் குடும்பம் இப்படிக் கேட்டால், மெல்லப் போவதே அங்கு வழக்கமாகிவிடும்.

உங்கள் வேனில் ஏறும் ஆண்கள் இதையெல்லாம் நினைக்கமாட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பிள்ளையின் சட்டைப் பொத்தான் கழன்றிருப்பதை முதலில் காண்பது உங்கள் கண்தான். அந்தக் கண்ணை நம்பித்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன். போய் வாருங்கள். திரும்பி வந்ததும் பிள்ளைகளிடம், "படகு எப்படி?" என்று கேட்காமல், "காட்டில் என்ன பார்த்தாய்?" என்று கேளுங்கள்.