வைத்தியர் பக்கம்: இறங்கி வருவதற்கும் ஒரு திட்டம்



சென்ற இதழில் இரத்த அழுத்தக் குளிசைகளைப் பற்றி எழுதியபோது, அடுத்த முறை கண்புரை பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதைப் பிற்போட வேண்டியதாகிவிட்டது. வருகிற ஆனி மாதம் எமது சங்கத்தினர் மண்டபக் கூரை நிதிக்காக மூன்று சிகர நடை போகவிருக்கிறார்கள். இதுவரை 14 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அவர்களில் ஒன்பது பேர் 50 வயதைத் தாண்டியவர்கள். எனக்கும் 57. ஆகவே இம்முறை இந்தப் பக்கம் அவர்களுக்காக. போகாதவர்களும் வாசிக்கலாம், போகிறவர்களின் மனைவிமார் கட்டாயம் வாசிக்க வேண்டும்.

முதலில் மலைகளைச் சொல்கிறேன். ஸ்கொட்லாந்தில் பென் நெவிஸ் 1,345 மீற்றர். இங்கிலாந்தில் ஸ்கோஃபெல் பைக் 978 மீற்றர். வேல்சில் ஸ்னோடன் 1,085 மீற்றர். இவை மூன்றும் அந்தந்த நாட்டின் மிக உயர்ந்த சிகரங்கள். நாம் தெரிந்தெடுத்த பாதைகளில் ஏறி இறங்க மொத்தம் சுமார் 40 கிலோமீற்றர் நடக்க வேண்டும். 10,000 அடிக்கு மேல் ஏற வேண்டும். ஒரு மலையடியிலிருந்து அடுத்த மலையடிக்கு வண்டி ஓடும் தூரம் மட்டும் சுமார் 460 மைல்.

"டொக்டர், நாங்கள் சிவனொளிபாத மலை ஏறின ஆக்கள். அது 7,300 அடிக்கு மேல். இது 4,400 தானே!" என்று சிலர் சிரிக்கிறார்கள். உண்மைதான். ஆனால் நல்லதண்ணியில் நாம் ஏறத் தொடங்கும் இடமே கடல் மட்டத்திலிருந்து நல்ல உயரத்தில் இருக்கிறது. பென் நெவிஸை ஏறக்குறையக் கடல் மட்டத்திலிருந்தே ஏற வேண்டும். அங்கே படிக்கட்டு உண்டு, வழிநெடுக விளக்கு உண்டு, தேத்தண்ணீர்க் கடை உண்டு, முன்னும் பின்னும் சனம் உண்டு. இங்கே கல்லும் மூடுபனியும்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த மலையை ஏறியபோது எமக்கு வயது 20.

சென்ற ஆண்டு நடந்ததை இப்போது சொல்ல வேண்டும். இரண்டு மலைகளை ஏன் விட்டுவிட்டு வந்தீர்கள் என்று பலர் கேட்டார்கள். "காலநிலை சரியில்லை" என்று நாம் சொன்னோம். அது முழு உண்மை அல்ல. சம்பந்தப்பட்ட நண்பரின் அனுமதியோடு, அவர் பெயரை விட்டு, நடந்ததை எழுதுகிறேன். "எழுதுங்கோ தம்பி, மற்ற ஆக்களுக்குப் பாடமாக இருக்கட்டும்" என்று அவரே சொன்னார்.

அன்று ஆடி வெள்ளிக்கிழமை. காலை எட்டு மணிக்கு நடக்கத் தொடங்குவதென்றும், பிற்பகல் இரண்டு மணிக்கு எங்கே நின்றாலும் அங்கிருந்து திரும்புவதென்றும் நானே திட்டம் எழுதியிருந்தேன். வாகனத் தரிப்பிடத்தில் தேங்காய் உடைத்து, தேவாரம் பாடி, படம் பிடித்து வெளிக்கிட ஒன்பதே முக்கால் ஆகிவிட்டது. இரண்டு மணிக்கு நாம் மேல்வளைவுகளில்தான் நின்றோம். "இன்னும் கொஞ்சம் தானே தம்பி, இவ்வளவு தூரம் வந்திட்டு விடுறதே?" என்றார் நண்பர். எனக்கும் அதே ஆசை. நான் எழுதிய விதியை நானே மீறினேன். உச்சிக்குப் போகும்போது மூன்றே முக்கால். கண்ணுக்குத் தெரிந்தது வெறும் மூடுபனி.

இறங்கும்போது, பாதி வழியிலுள்ள குளத்துக்குக் கிட்ட, அந்த நண்பர் ஓர் இளைஞருடன் காரணமில்லாமல் கோபித்தார். பிறகு ஒரு கல்லில் உட்கார்ந்து எழும்ப மறுத்தார். குளிர்காற்றிலும் அவருக்கு வியர்த்தது. களைப்பு என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தேன். முப்பது வருடம் வைத்தியம் பார்த்த நான் அப்படி நினைத்தேன். எம்மோடு வந்த 16 வயதுப் பிள்ளைதான், "அங்கிள், இவர் சாப்பிட்டவரா?" என்று கேட்டாள்.

அவர் சாப்பிடவில்லை. ஆடி வெள்ளி விரதம். காலையில் ஒரு கோப்பை பாலும் ஒரு வாழைப்பழமும் மட்டும். ஆனால் நீரிழிவுக்கான கிளிக்லசைட் குளிசையை வழமைபோலப் போட்டிருக்கிறார். விரதம் என்று சொன்னால் ஏற விடமாட்டோம் என்று மறைத்துவிட்டார். சீனி அளக்கும் கருவி குளிரில் பிழை காட்டியது. அளவுக்காகக் காத்திராமல் அந்தப் பிள்ளையின் பையிலிருந்த பழச்சாற்றைக் குடிக்கக் கொடுத்தோம். கால் மணித்தியாலத்தில் தெளிந்தார். பிறகு பயற்றம் பணியாரம் கொடுத்து, இரண்டு பேர் தாங்கிக் கூட்டிவந்தோம். ஒன்பது பேருக்கு இரண்டு கைவிளக்கு. அடிவாரம் வர இரவு பத்தேகால். மற்ற இரண்டு மலைகளையும் அத்தோடு கைவிட்டோம்.

பிழை அவருடையது என்று நான் நினைக்கவில்லை. அவர் உண்மையைச் சொல்லக்கூடிய விதமாக நான் கேட்கவில்லை. "எல்லாரும் சுகம்தானே?" என்று கூட்டத்தில் கேட்டால் யார் இல்லையென்பார்கள்? ஆகவே இம்முறைத் திட்டத்தை இறங்கி வருவதிலிருந்து தொடங்கியிருக்கிறேன்.

நேரம்: 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் வகுத்த கணக்கு இன்றும் பயன்படுகிறது. 5 கிலோமீற்றருக்கு ஒரு மணித்தியாலம். ஏறும் ஒவ்வொரு 600 மீற்றருக்கும் மேலும் ஒரு மணித்தியாலம். பென் நெவிஸ் போய்வர 17 கிலோமீற்றர் என்றால் ஏறக்குறைய ஐந்தே முக்கால் மணித்தியாலம் வரும். அது பழகிய கால்களுக்கு. எம்மைப் போன்றவர்கள் அதில் பாதியையும் கூட்டிக்கொள்ள வேண்டும்: எட்டரை மணித்தியாலம். ஆகவே காலை ஏழு மணிக்கு நடை. பிற்பகல் ஒரு மணிக்கு எங்கே நின்றாலும் திரும்புவது. உச்சி பத்து யார் தூரத்தில் இருந்தாலும் சரி. தேங்காய் முதல்நாள் மாலையே உடைக்கப்படும்.

நாட்கள்: 24 மணித்தியாலத்தில் மூன்றையும் முடிக்கும் பழக்கம் இந்நாட்டில் உண்டு. அதில் ஸ்கோஃபெல் பைக்கை இரவில் ஏற நேரிடும். வொஸ்டேல் பள்ளத்தாக்கில் குடியிருப்பவர்களின் நித்திரையும் கெடும். நித்திரையில்லாத சாரதி மலையைவிட ஆபத்தானவர். சென்ற முறை நாம் மூன்று நாள் வைத்தோம். அதுவும் எமக்குப் போதாது. மலை இறங்கும்போது தொடைத் தசைகள் நீண்டபடியே பாரம் தாங்குவதால் அவற்றில் நுண்ணிய சேதம் ஏற்படும். அந்த நோ அன்றே தெரியாது. ஒன்று முதல் மூன்று நாளுக்குள்தான் உச்சத்துக்கு வரும். அதாவது, சரியாக இரண்டாம் மலையில். ஆகவே இம்முறை ஐந்து நாள்: சனி பென் நெவிஸ், ஞாயிறு பயணம், திங்கள் ஸ்கோஃபெல் பைக், செவ்வாய் பயணம், புதன் ஸ்னோடன். வெள்ளிக்கிழமை இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். வண்டி ஓட்டும் இருவரும் மலை ஏறமாட்டார்கள்.

விரதம்: விரதம் பிடிப்பவரைத் தடுக்க நான் யார்? என் தாயார் கந்தசஷ்டி ஆறு நாளும் பிடித்தவர். ஒன்றுதான் சொல்வேன்: விரத நாளில் மலை வேண்டாம், மலை நாளில் விரதம் வேண்டாம்.

நீரிழிவு: இன்சுலின் எடுப்பவர்களுக்கும் கிளிக்லசைட் போன்ற குளிசை எடுப்பவர்களுக்கும் நடக்கும்போது மட்டுமல்ல, அன்றிரவு நித்திரையிலும் சீனி இறங்கலாம். மெற்ஃபோமின் மட்டும் எடுப்பவர்களுக்கு அந்தப் பயம் மிகக் குறைவு. மருந்தின் அளவை நீங்களாக மாற்றாமல் உங்கள் வைத்தியரையோ தாதியையோ முன்னரே கேளுங்கள். இன்சுலினும் அளக்கும் கருவியும் மேற்சட்டைக்குள், உடம்போடு இருக்கட்டும். சீனி இறங்கினால் முதலில் குளுக்கோஸ் வில்லை அல்லது பழச்சாறு. சொக்லேற்றில் கொழுப்பு இருப்பதால் அது மெதுவாகவே வேலை செய்யும். தெளிந்த பின் பாண், பணியாரம் ஏதாவது. ஒருவர் வழமைக்கு மாறாகக் கோபித்தால், உளறினால், தடுமாறினால், களைப்பு என்று முடிவு கட்டாதீர்கள். கடுங்குளிர் உடம்பைப் பிடித்தாலும் இதே குணங்கள்தான். நடுங்கிக்கொண்டிருந்தவர் உடம்பு சூடேறாமலே நடுங்குவதை நிறுத்தினால் அது நல்ல குறியல்ல, கெட்ட குறி.

நெஞ்சு: எமது சமூகத்தில் இருதய நோய் மற்றவர்களைவிட முந்திய வயதிலேயே வருகிறது. படியேறும்போது நெஞ்சு இறுகுகிறதா, அந்த நோ கைக்கோ தாடைக்கோ போகிறதா, நின்றால் குறைகிறதா? அப்படியானால் மலைக்கு முன் வைத்தியசாலை. வாயுக் கோளாறு என்று இஞ்சித் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வரக்கூடாது.

நோவுக் குளிசை: முழங்கால் நோவுக்கு ஐபுப்ரொஃபென் போடுவது பலர் வழக்கம். இரத்த அழுத்தத்துக்கு ரமிப்ரில், லிசினொப்ரில் போன்றவையும், சிறுநீர் போக்கும் குளிசையும் எடுப்பவர் வியர்த்து, தண்ணீர் குறைந்த நேரத்தில் அதையும் போட்டால் சிறுநீரகம் திடீரெனப் பழுதடையலாம். பரசிற்றமோல் போதும். ஊன்றுகோல் இரண்டு பிடித்தால் இறங்கும்போது முழங்காலின் பாரம் குறையும். வீட்டில் படி ஏறிப் பழகுவதோடு, இறங்கியும் பழகுங்கள். முன்னரே இறங்கிப் பழகிய தசை அவ்வளவு நோகாது.

உடை, உணவு: உச்சியில் அடிவாரத்தைவிட எட்டு ஒன்பது பாகை குளிர் கூட, காற்று வேறு. பருத்தி உடுப்பும் டெனிம் காற்சட்டையும் நனைந்தால் காயாது, சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளியோ செயற்கை நூலோ அணியுங்கள். மேலே மழை அங்கி. புதுச் சப்பாத்தை மலையில் முதன்முதலாகப் போடாதீர்கள். ஆளுக்கு ஒரு கைவிளக்கு, ஒரு ஊதுகுழல். பொரிவிளாங்காய், எள்ளுருண்டை, பருத்தித்துறை வடை எல்லாம் மலைக்கென்றே எமது ஆச்சிமார் கண்டுபிடித்தவை போலிருக்கும். மணிக்கொரு தரம், பசிக்க முன்னரே சாப்பிட வேண்டும்.

வழி: பென் நெவிஸ் உச்சி ஓர் அகன்ற திடல். ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் ஆழமான பிளவுகள். மூடுபனியில் உச்சித் தூணிலிருந்து வரைபட வடக்குக்கு 231 பாகையில் 150 மீற்றரும், பின் 281 பாகையிலும் நடக்க வேண்டும். திசைகாட்டி பிடிக்கத் தெரிந்த இருவர் எம்மோடு வருகிறார்கள். ஸ்னோடனில் லான்பெரிஸ் பாதையால் போகிறோம். பக்கத்தில் 1896 முதல் புகையிரதப் பாதை உண்டு. ஆனால் இறங்க அதில் இடம் கிடைக்கும் என்று நம்பிப் போகக்கூடாது. உதவி தேவைப்பட்டால் 999ஐ அழைத்து, முதலில் பொலிசையும் அவர்களிடம் மலை மீட்புக் குழுவையும் கேளுங்கள். ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் பொறுத்து, மீண்டும் ஊதுவது ஆபத்துக் குறி. அக்குழுவினர் சம்பளமில்லாத் தொண்டர்கள். எம்மிடம் பணம் கேட்கமாட்டார்கள். அதனாலேயே அவர்களை வீணாக அலைய வைக்கக் கூடாது.

இன்னுமொன்று. ஸ்கோஃபெல் பைக் உச்சி முதலாம் உலகப் போரில் இறந்தவர்களின் நினைவாக 1919இல் வழங்கப்பட்ட நிலம். ஸ்னோடனின் வேல்சுப் பெயர் எர் விதுவா. சமாதி மேடு என்று அதற்குப் பொருள். 2022 முதல் அங்குள்ள தேசியப் பூங்காவினர் அப்பெயரையே வழங்குகிறார்கள். எமது கோவில் வீதியில் மற்றவர்கள் எப்படி நடக்க வேண்டும் என்று நினைக்கிறோமோ, அப்படியே அங்கு நடப்போம். வாழைப்பழத் தோலைக்கூடப் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

பெயர் கொடுத்தவர்கள் ஒவ்வொருவரையும் தனியாகச் சந்திக்க விரும்புகிறேன். ஞாயிறு பூசை முடிந்தபின் நூலக அறையில் இருப்பேன். எடுக்கும் மருந்துகளை எல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். அங்கு சொல்வது அந்த அறையோடு போகும். என்னுடைய இரத்த அழுத்தத்தை நான் மூன்று வருடமாக அளக்கவில்லை என்பதையும் வெட்கத்தோடு சொல்லிவிடுகிறேன். சென்ற கிழமை ஒரு சக வைத்தியரிடம் போனேன், கூடுதலாகத்தான் இருந்தது. இப்போது நானும் குளிசைக்காரன்.

சென்ற ஆண்டு நண்பரும் இம்முறை பெயர் கொடுத்திருக்கிறார். மருந்தை மாற்றியிருக்கிறார்; மாசி மாதம் முதல் கிழமைக்கு நான்கு நாள் நடக்கிறார். ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார். "ஒரு மணிக்குத் திரும்பச் சொல்லுற வேலையை என்னட்டைத் தாங்கோ தம்பி. உங்களை நம்ப ஏலாது." கொடுத்துவிட்டேன்.

முதல் ஒத்திகை நடை சித்திரை மாதக் கடைசி ஞாயிறு, காலை ஏழு மணி. கோவில் வாசலில் சந்திப்போம். கண்புரை அடுத்த இதழில்.